நீலச் சாயம்

மகளின் கையில் உட்கார்ந்த கொசுவைச் சேவியர் அடித்தான். ரத்தத்தோடு கொஞ்சம் நீலமும் ஒட்டியிருந்தது. சுகாதாரப் பணியாளரான அவன் மனைவி பெனிட்டா அந்தக் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மலேரியாக் கொசுக்களைக் கொல்ல, நீலச் சாயமிட்ட சர்க்கரைத் தண்ணீரில் விஷம் கலந்து, குப்பத்துச் சுவர்களிலெல்லாம் தொங்கவிட்டவள் அவள்தான்.

"அதான் செத்துப்போச்சே, விடு."

"நீங்க அடிச்சதால செத்துச்சு. அதைக் குடிச்ச கொசு பறக்கவே கூடாதுங்க."

பெனிட்டா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ரூபி கொசுவலையை மடித்து வைத்துவிட்டுப் பச்சைக் குழந்தையைப் பாயில் கிடத்தியிருந்தாள்.

"நீங்க மருந்து வச்சதுலேர்ந்து நிம்மதியாத் தூங்குறான்க்கா."

பெனிட்டா வலையை எடுத்து உதறிப் பிரித்தாள்.