சீல் வைக்க வந்தவர்

"கையோட பூட்டும் கொண்டு வந்துட்டீங்க. அப்போ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க, இல்ல சார்?" என்றாள் தையல்காரி.

கட்டட இன்ஸ்பெக்டர் பையிலிருந்து கனத்த பூட்டையும் அரக்கையும் எடுத்து, வீட்டு ஓனர் ஓடிப்போய்க் கொண்டு வந்து போட்ட நாற்காலியின் மேல் வைத்தார்.

மூன்று மாடி வீடு அது. ஐந்து குடித்தனமும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு தையல்காரி. அவளுக்குப் பக்கத்தில், பாதி வேலையில் எழுந்து வந்த கிரீஸ் கையோடு கீழ்வீட்டு மெக்கானிக்.

"இவங்க பேச்சை விடுங்க சார். முதல்ல வந்து உங்க கண்ணால பாருங்க" என்று ஓனர் வழிகாட்டினார். எல்லோரும் எழுந்து பின்னாலேயே போனார்கள்.

பக்கவாட்டுச் சந்திலிருந்து பின்பக்க மாடிப்படிக்குத் திரும்பும் இடத்தில், தரையிலிருந்து கூரைவரை ஒரு செங்கல் சுவர். பூச்சுகூட இல்லை. எலி நுழையவும் இடமில்லை.

"சாமான் போட்டு வைக்க இடம் பத்தலைன்னு இவங்களே எழுப்பிக்கிட்டாங்க சார். ஆறு மாசம் ஆச்சு. சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. நாளைக்கே ஒரு தீ கீ பிடிச்சா, முன்படியை விட்டா இறங்க வேற வழி ஏது? மனசு கேக்கல. அதான் நானே புகார் கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, விரலில் ஒட்டிய, இன்னும் இறுகாத கலவைத் துகளைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தனையும் பொய்!" தையல்காரி கத்தினாள். "வீட்டை விக்கணும், காலி பண்ணுங்கன்னாரு. பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்னோம். இந்த மெக்கானிக் தம்பியோட தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லாரும் போயிட்டு வந்து பாத்தா, இந்தச் சுவரு நிக்குது. இடிக்கப் போனோம். என் சொத்துல கை வெச்சா போலீஸுன்னு மிரட்டுறாரு!"

"நானா? யாராவது பாத்தாங்களா, கேட்டாங்களா?" ஓனர் சிரித்தார்.

"நாங்க அஞ்சு வீடும் கேட்டோம்."

"நீங்க எல்லாரும் ஒரே கூட்டம்தானேம்மா!"

இன்ஸ்பெக்டர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சீல் வைத்தால் ஐந்து குடும்பம் சட்டி பானையோடு தெருவில் நிற்கும். வைக்காமல் போய், ஒரு புகை கிளம்பினால் மேல்மாடியில் இருக்கிற ஒரு உயிரும் தப்பாது. எரிந்த வீடுகளுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நடந்த மனுஷன் அவர். பாதுகாப்பு விதியோடு விளையாட அவருக்கு மனசு வராது.

அவருடைய செல்போன் அடித்தது. மேலதிகாரி. சந்து குறுகல், அந்தப் பக்கம் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அந்த ஓனர் நமக்கு வேண்டியவர்ப்பா. இழுக்காம முடிச்சுட்டு வந்துரு."

"சரிங்க சார். இன்னைக்கே முடிச்சுடறேன்."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. எல்லாம் பேசி வெச்சுட்டுத்தான் வந்திருக்காங்க அக்கா."

"போகட்டும்!" தையல்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சார், தாராளமா சீல் வைங்க. நாங்க உள்ளேயே இருக்கோம். பூட்டின வீட்டுக்குள்ள நான் மிஷினை மிதிச்சுக்கிட்டே இருப்பேன். அந்தச் சத்தத்துல உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் தூங்க முடியாது!"

"இந்தச் சுவரு இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல யாரும் குடியிருக்கக் கூடாதும்மா. அதுல மாத்தமே இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். ஓனர் முகம் மலர்ந்தது.

அக்கம்பக்கத்து வீட்டு மாடிகளில் தலைகள் முளைத்திருந்தன. இன்ஸ்பெக்டர் அவர்களுக்கும் கேட்கும்படி ஓனரிடம் கேட்டார்.

"சார், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தச் சுவரை நீங்க கட்டலை?"

"கட்டவே இல்லை சார்."

"இதுல ஒரு செங்கல்கூட உங்களோடது இல்லை?"

"நான் பாஸ் வாங்கின பிளான்லயே இந்தச் சுவரு கிடையாது. ஒரு செங்கல், ஒரு கரண்டி சிமென்ட் என்னோடது இல்ல. மொத்தமும் இவங்களோடது."

"நாளைக்கு ஸ்டேஷன்ல போய் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"என்ன சார் நீங்க! தெருவே கேக்குது. எங்க வேணா வந்து சொல்றேன், இவங்க சுவருதான்!"

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றாள்.

"கையை எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்ககிட்ட பெரிய சம்மட்டி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு சார்?"

"உங்க சுவருதானாமே, இடிங்க!"