சம பலமுள்ள இரண்டு குரல்கள்

"பொருள் கேட்டே. எந்த மொழியிலேர்ந்து வந்துச்சுன்னு கேட்டே. வாக்கியத்துல வெச்சுச் சொல்லச் சொன்னே. இவ்வளவும் கேட்டுட்டு, கடைசியில எழுத்த தப்பாச் சொல்லி மணி அடிக்க விட்டுட்டியேடி!"

காரை ஓட்டியபடியே இங்கிரிட் சிரிக்கப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் அவள் மகள் மார்னி. பன்னிரண்டு வயது. போட்டி எண் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே, ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"கேள்வி கேட்டா கொஞ்சம் நேரம் கிடைக்கும்னு நீதானேம்மா சொல்லிக்கொடுத்தே?"

"அதுக்காக? வார்த்தை வாசிச்ச மனுஷன் பாவம், நடுவுல தண்ணி குடிச்சாரு!"

டுலூத் நகரம் பின்னால் போய்விட்டது. உறைந்த ஏரி மட்டும் கூடவே வந்தது.

வட்டார ஸ்பெல்லிங் போட்டியில் கடைசி இருவரில் ஒருத்தி மார்னி. ஜெயித்திருந்தால் மே மாதம் வாஷிங்டனில் தேசியப் போட்டி. மூன்று வருஷக் கனவு. வேலை பார்க்கும் பேக்கரியில் இங்கிரிட் விடுப்புகூடச் சொல்லிவைத்திருந்தாள்.

தோற்றது 'ஈக்விவோக்கல்' என்ற வார்த்தையில். இதுவா அதுவா என்று தீர்த்துச் சொல்ல முடியாதது என்று பொருள் சொன்னார்கள். லத்தீன். சம பலமுள்ள இரண்டு குரல்கள்.

தினமும் சாப்பாட்டு மேஜையில் வார்த்தைப் பட்டியலை வாசித்தவள் இங்கிரிட்தான். ஒரு மாதமாக அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போனாள். வாசித்தால் மகள் வழக்கம்போலப் பொருள் கேட்பாள். தன் மார்பு ஸ்கேன் முடிவு என்று வந்த கடிதத்தில் இருந்த வார்த்தை அது. அந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லாமல் மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

தன் பயம் குழந்தையின் கனவைத் தின்றுவிட்டது. இங்கிரிட் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"மார்னி, நீ தோத்ததுக்கு நான்தான் காரணம். அந்த வார்த்தைய உனக்கு நான் வாசிக்கவே இல்ல."

"தெரியும். அதுக்கு மேல இருக்கறத வாசிப்பே, கீழ இருக்கறத வாசிப்பே. அதான் நானே படிச்சுக்கிட்டேன்."

மூச்சுபட்டு மங்கிய ஜன்னலில் மார்னி விரலால் எழுதினாள். ஒன்பது எழுத்துகள். ஒன்றுகூடத் தப்பில்லை.

இங்கிரிட் அதையே வெறித்தாள். "அடிப்பாவி, தெரிஞ்சுமா? அப்ப எதுக்கு அத்தனை கேள்வி?"

"ஜெயிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண எனக்கு நேரம் வேணும்ல?"

"என்னடி உளர்றே?"

மார்னி எண் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குரல் மட்டும் மேடையில் கேட்ட அதே நிதானத்தில் இருந்தது.

"வாக்கியத்துல வெச்சுச் சொல்றேன், கேளு. மாவு டப்பாவுல இருக்கற கடிதத்துல ஈக்விவோக்கல்னு போட்டிருக்கு, உடனே சதை எடுத்துப் பாக்கணும்னும் போட்டிருக்கு. எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, 'பொண்ண வாஷிங்டன் கூட்டிட்டுப் போயிட்டு ஜூன்ல வரேன்'னு சொன்னாங்க."

பிறகு ஜன்னலில் எழுதியதை உள்ளங்கையால் துடைத்தாள்.

"இப்பதான் வாஷிங்டன் இல்லையே... திங்கக்கிழமையே போலாம்மா."