யாரும் வெட்டாத துண்டு

வெட்டும் நொதியைச் சேர்க்காத குழாயிலும் ஆர்.என்.ஏ. இழையின் நடுத்துண்டு கழன்று கிடந்தது. அதன் இருபுறமும் இருந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. “யாரும் வெட்டாம எப்படிம்மா கழலும்? உங்க கையுறையில நொதி ஒட்டியிருந்திருக்கும், பூங்கோதை,” என்றார் ஆய்வகத் தலைவர் எபனேசர். மறுமுறை அவரே கலந்தார். அப்போதும் துண்டு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறியிருந்தது. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

ஆராய்ச்சிக்காக வீட்டை விட்டு வந்திருந்த பூங்கோதை, இதைச் சொல்லத்தான் மகளுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை வருவதாகவும் சொன்னாள்.

“வர்றியா?” என்று மகள் தயங்கினாள். “சாப்பாட்டு மேசையில நடுவுல இருந்த உன் நாற்காலி மாடிக்குப் போயிடுச்சும்மா. நானும் அப்பாவும் இப்ப பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிறோம்.”

“யாரு எடுத்தா?”

“யாரும் எடுக்கலம்மா.”