உப்பி வந்த சப்பாத்தி

கழுத்து வியர்வையைத் துடைத்த அதே துண்டை நாலாக மடித்து, கல்லில் கிடந்த சப்பாத்தியின் மேல் வைத்து அமுக்கினான். வாசலில் நின்று பார்த்த அவள் முகத்தைச் சுளித்தாள்.

தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை இவன். அவள் கணவரின் ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஒற்றை அறையில் தனி வாசம். "தங்கமான பையன், சமையல்கூட அவனே" என்று கணவர் கொண்டுவந்த சம்பந்தம். அப்பா அம்மா இல்லாத தங்கைக்கு அக்கா சொல்வதுதான் முடிவு. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"வாங்க அண்ணி! அண்ணன் வரலையா? கரண்ட் அடுப்புல தீ ஏது, துணியால அமுக்கினாத்தான் உப்பும். ரெண்டே நிமிஷம், உக்காருங்க."

உட்கார மனம் வரவில்லை. அவன் விரலை நாக்கில் தொட்டுக் கல்லில் வைத்துச் சூடு பார்த்தான். அடுத்த சப்பாத்தியில் ஒட்டியிருந்த மாவை 'ஃபூ' என்று வாயால் ஊதினான். எச்சில் தெறித்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். சீ!

அவள் வீட்டிலும் கரண்ட் அடுப்புதான். அவள் சுட்டால் அப்பளம், கணவர் சுட்டால் பஞ்சு. 'காத்து பட்டா வறண்டுடும்' என்று ஞாயிறுதோறும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுடுவார். பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்பார்கள். அவளும்தான் நாலைந்து உள்ளே தள்ளுவாள்.

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டாள். "இந்தச் சம்பந்தம் வேண்டாங்க."

"ஏன், குடிக்கிறானா?"

"குடிச்சிருந்தாக்கூடப் பொறுத்துப்பேன். சப்பாத்தி சுடுறதைப் பார்த்தேன், குமட்டுது. உங்க சுத்தத்துல கால்வாசி இருக்கா இவன்கிட்ட? என் தங்கச்சி காலம் பூரா இந்த எச்சிலைத் தின்னணுமா?"

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "அவன்கிட்ட ஒண்ணும் கேட்டுக்காத. உடனே கிளம்பி வா."

கிளம்பத்தான் திரும்பினாள். தட்டோடு எதிரே வந்து நின்றான் மாப்பிள்ளை. நாலாக மடித்த சப்பாத்தியில் ஆவி பறந்தது. துண்டு பழையபடி அவன் கழுத்துக்கு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. இந்த அழகுல சப்பாத்தி சுட உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

அவன் முகமெல்லாம் பூரித்துப் போனது.

"வேற யாரு, நம்ம அண்ணன்தான் அண்ணி!"