உச்சிக்குக் கொஞ்சம் கீழே

மலைச்சரிவில் நின்ற தைலமரங்களில் அதுதான் உயரம். நேராக வளர்ந்ததால் மின்கம்பத்துக்குக் கேட்டிருந்தார்கள். சாய்ப்பதற்குமுன் உச்சியைக் கழிக்க வெள்ளையன் கயிற்றோடு ஏறினார். வயது அறுபது. முக்கால் உயரத்தில் கைகள் ஓய்ந்துபோயின. கிளைக் கவட்டையில் உட்கார்ந்து, கயிற்றால் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டார்.

கீழே தைலம் காய்ச்சத் தழை பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி அஞ்சலம் அண்ணாந்தாள்.

"ஏங்க, என்னாச்சு?"

"ஏறவும் முடியல, எறங்கவும் முடியல புள்ள."

ரோட்டில் மரத்தை ஏற்றிப்போகக் காத்திருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "அவரு எறங்கறப்ப எறங்கட்டும், போய்யா!" என்று அவரிடம் கத்தினாள். பிறகு மேலே பார்த்து, "உக்காருங்க. நானும் உக்காந்திருக்கேன்" என்றாள்.

தழைக்கட்டை இறக்கிவிட்டு அடிமரத்தில் முதுகைச் சாய்த்தாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில், பட்டப்பகலில் இருவரும் சும்மா உட்கார்ந்தது அன்றுதான்.