ஆறு அங்குலத்துக்குள் அணைய வேண்டும்

"சாமி, பத்திக்கக் கூடாது" என்று கலியாணசுந்தரம் வாய்க்குள்ளே முணுமுணுத்தார். பதினோரு நாள் தறியில் உட்கார்ந்து அவர் நெய்த துணியில் ஒரு பட்டையை வெட்டித் தொங்கவிட்டு, அதன் அடியில் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தான் ஹயக்ரீவன்.

கொளுத்துவதுதான் ஹயக்ரீவனுக்கு உத்தியோகம். பெங்களூரில் ஒரு விண்வெளி ஆய்வுக்கூடத்தில், விண்கலத்துக்குள் போகிற பொருளையெல்லாம் தீ வைத்துப் பார்த்து அனுப்புகிறவன். மேலே போன பிறகு தீப்பிடித்தால் யாரும் இறங்கி ஓட முடியாதே! துணியில் வைத்த தீ, ஆறு அங்குலம் ஏறுவதற்குள் தானாக அணைய வேண்டும்.

தீப்பிடிக்காத நூலை ஆய்வுக்கூடமே கொடுத்திருந்தது. போன மாதம் அவர் நெய்து கொடுத்த சிறு துண்டு மூன்று அங்குலத்திலேயே அணைந்துவிட்டது. இந்த முழுத் துணியும் தேறினால் விண்கலத்துக்குத் துணி நெய்கிற வேலை அவர் தறிக்குத்தான். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் தெருவே அதற்குள் அவரை 'ராக்கெட்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமையே சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து, ஹயக்ரீவனின் அம்மா மங்கையிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லீவில் வந்த ஹயக்ரீவன் இன்று வீட்டுக் கொல்லையிலேயே கம்பி நட்டுச் சோதிக்கிறான். துணியைப் பிரித்தபோது கோயில் வாசனை அடித்தது. பெருமாளுக்கு வைத்து எடுத்திருக்கிறார்கள் போல என்று கலியாணசுந்தரத்துக்கு ஒரே பூரிப்பு. ஜலதோஷக்கார ஹயக்ரீவன் மூக்கை உறிஞ்சினானே தவிர ஒன்றையும் கவனிக்கவில்லை.

குப்பென்று பற்றியது. ஆறு அங்குலமாவது ஒன்றாவது, கண்மூடித் திறப்பதற்குள் தீ உச்சிக்கு ஓடிவிட்டது.

"நடுவுல ஒரு துண்டு வெட்டிப் பாருங்க சார்" என்றார் கலியாணசுந்தரம் பதறிப்போய்.

வெட்டினான். அதுவும் குப்பென்று எரிந்தது.

"நூல் போதலேன்னு வேற எதையாவது கலந்தீங்களா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? ஒரு இழை மாத்தியிருந்தா இனிமே நான் தறியில குந்தவே மாட்டேன்!"

"நாங்க கொடுத்த நூல் எரியாது. துணி மட்டும் எப்படி எரியும்?"

கலியாணசுந்தரம் முப்பது வருஷம் கட்டிக் காத்த பேர் இரண்டு தீக்குச்சியில் போய்விட்டது. அவமானத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

காபியோடு வந்த மங்கை, கருகிக் கிடந்ததைப் பார்த்துப் பதறி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ, நல்ல பட்டுத் துணியை ஏன்டா கொளுத்தறே?"

"அது பட்டே இல்லம்மா!"

"அப்போ அதைப் பூச்சி அரிக்காதா? மடிப்புக்கு மடிப்பு கற்பூரம் பொடிச்சுத் தூவி வெச்சேனேடா!"