பக்கத்துத் தட்டு

ஜன்னல் வெயில் நுண்ணோக்கியின் கழுத்தில் சாய்ந்திருக்கிறது. ஓடினாலே மயங்கி விழும் பையனின் அம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிகிறாள். “இது உங்க தோல்லேருந்து வளர்த்த இதயச் செல்லுங்க,” என்கிறாள் ஆராய்ச்சிக்காரி. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் தாவ, கண்ணாடித் தட்டு முழுவதும் சேர்ந்தாற்போல் துடிக்கிறது. தட்டை மாற்றுகிறாள். “இது பையனோடது.” மின்சாரச் சேதி பாதி வழியில் அறுந்து, செல்கள் ஆளுக்கொரு தாளத்தில் துடிக்கின்றன. “முகங்கொடுத்துப் பேசாத குடும்பம் மாதிரில்ல இருக்கு,” என்று அம்மா சிரிக்கப் பார்க்கிறாள். ஆராய்ச்சிக்காரி துடிப்புகளை எண்ணிக் குறிக்கிறாள். “ஏம்மா, ரெண்டையும் ஒரே தட்டுல விட்டா, என்னோடது சொல்றத அவனோடது கேக்குமா?” என்கிறாள் அம்மா. பேனா நிற்கிறது. மேஜை விளிம்பில் அம்மாவின் விரல், முதல் தட்டின் தாளத்தை இன்னமும் தட்டிக்கொண்டிருக்கிறது.